அட்டை பிறகு வரட்டும், பிள்ளை முதலில் பள்ளிக்குப் போகட்டும்

திற்பரப்பில், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். விடியும் முன்பே ஒருவர் தோட்டத்துக்குக் கிளம்பியாக வேண்டும். வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை. நடையில் தடுமாற்றம், பேச்சும் தெளிவில்லை. ஜூன் மாதம் பிறந்தால் நம் மாவட்டத்தில் மழையும் பள்ளித் திறப்பும் ஒன்றாகத்தான் வரும். அந்த மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனால் இப்படி ஒரு பதில் கிடைக்கலாம்: "இங்க இந்தப் பிள்ளைக்குன்னு டீச்சர் இல்லியே. முதல்ல அட்டை எடுத்துட்டு வாங்க, பாப்போம். இல்லேன்னா ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்க."

நீங்கள் இந்தப் பதிலைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். சொன்னவர் நல்ல எண்ணத்தோடுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் உள்ள இரண்டு விஷயமும் சரியல்ல.

முதலில் அட்டை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால்தான் பள்ளியில் சேர்க்க முடியும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுச் சான்று கையில் இல்லை என்பதற்காகவும் திருப்பி அனுப்பக் கூடாது. தேர்வு வைத்தோ நேர்காணல் வைத்தோ வடிகட்டவும் கூடாது. இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளை என்றால், அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில்தான் உட்கார வைப்பேன் என்று சொல்ல முடியாது.

அடுத்தது சிறப்புப் பள்ளி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 31-ஆவது பிரிவு இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அது பக்கத்துப் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதை நீங்கள்தான் தேர்வு செய்வீர்கள். பள்ளி உங்களுக்காக முடிவெடுக்க முடியாது. அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாவற்றுக்கும் பொருந்தும். நம் பக்கத்தில் உதவி பெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் அதிகம் என்பதால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேற்றுமை காட்டாமல் சேர்ப்பது, கட்டடத்தையும் கழிப்பறையையும் பிள்ளை பயன்படுத்தும்படி வைப்பது, தேவையான வசதிகளைச் செய்து கொடுப்பது எல்லாம் பள்ளியின் கடமை.

சிறப்புப் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காது முழுவதும் கேட்காத பிள்ளைக்கு, சைகை மொழி புழங்கும் பள்ளி சில நேரம் மிகவும் நல்லது. ஆனால் அது விடுதியில் விட்டுவிட்டு வருகிற முடிவாகவும் இருக்கலாம். ஆறு வயதில் அப்படி ஒரு முடிவை, "இங்க வசதி இல்ல" என்ற ஒரே காரணத்துக்காக எடுக்காதீர்கள்.

"சரி, சேர்த்தாச்சு. பாடம் யார் சொல்லிக் கொடுப்பா?" இதுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. வகுப்பாசிரியரும் கேட்கிறார். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையம் இயங்குகிறது. அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். அவர்கள் பள்ளிகளுக்கு முறை வைத்து வருவார்கள். நடக்கப் பழக்கும் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, பெண் பிள்ளைகளுக்கான ஊக்கத்தொகை, பள்ளிக்கு வந்து போகப் போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி என எல்லாம் இந்த மையத்தின் வழியாகத்தான் வரும். உங்கள் பள்ளி எந்த மையத்தின் கீழ் வருகிறது என்பதைத் தலைமையாசிரியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வருவாய் வட்டத்தின் பெயரும் கல்வி ஒன்றியத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றிப் புரிந்துகொண்டால் தவறான அலுவலகத்தில் போய் நிற்க வேண்டிவரும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்யும். அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் 'நலம் நாடி' என்ற செயலியில் பிள்ளைகளைக் கவனித்துப் பதிவு செய்கிறார்கள். எமிஸ் இணையதளத்திலும் பிள்ளையின் பெயருக்கு நேராகச் சிறப்புத் தேவை என்ன என்பதைக் குறிக்க வேண்டும். குறிக்கவில்லையென்றால் வள மையத்தின் பட்டியலில் உங்கள் பிள்ளை இருக்காது. பட்டியலில் இல்லாத பிள்ளைக்குக் கருவியும் வராது, படியும் வராது. அதனால் சேர்த்த அன்றே, "எமிஸ்ல குறிச்சாச்சா சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பள்ளிக்கு வரவே முடியாத அளவுக்குக் குறைபாடு கூடுதலாக இருந்தால், வீட்டு வழிக் கல்வி உண்டு. 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் இதை உரிமையாகவே சொல்கிறது. அப்போதும் பிள்ளையின் பெயர் பக்கத்துப் பள்ளியின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பாடநூல் முதலானவை அந்தப் பள்ளியில் இருந்தே வரும். வீட்டு வழிக் கல்வியையும் நீங்கள் விரும்பித்தான் எடுக்க வேண்டும். பள்ளி தன் வசதிக்காக உங்கள் தலையில் கட்டக் கூடாது.

இனி அட்டைக்கு வருவோம். சேர்க்கைக்கு வேண்டாம் என்றாலும் அட்டை தேவைதான். உதவித்தொகை, பேருந்துச் சலுகை, பொதுத்தேர்வுச் சலுகை எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. தனித்துவ அடையாள அட்டை, அதாவது யூடிஐடி, ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துப் பெறுவது. 2021 ஜூன் மாதத்தில் இருந்து மாற்றுத்திறன் சான்றிதழும் இதே இணையதளம் வழியாகத்தான். பிள்ளையின் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றை அலைபேசியில் படம் பிடித்து ஏற்றலாம். முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் கேளுங்கள். ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை: ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றோடு ஒத்துப்போகிறதா? கொடுக்கும் அலைபேசி எண் நீங்கள் எப்போதும் வைத்திருப்பதா? கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஓடிபிக்காக அலைகிறவர்கள் நிறையப் பேர். பதிவு எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள்.

பிறகு மருத்துவப் பரிசோதனை. குலசேகரம் போய், தக்கலை வழியாக நாகர்கோவில், அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒரு தடவை போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. காது என்றால் கேட்டல் பரிசோதனை, அறிவுசார் குறைபாடு என்றால் உளவியல் மதிப்பீடு என்று தனித்தனியாக இருக்கும். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். அதனால் முதலில் வள மையத்தில் கேளுங்கள்: "மருத்துவ முகாம் எப்போ?" ஒன்றிய அளவில் நடக்கும் முகாமுக்கு எலும்பு, கண், காது, மனநல மருத்துவர்கள் வருவார்கள். வேலை அங்கேயே முடிந்தால் உங்களுக்கு ஒரு நடை மிச்சம். எப்படிப் போனாலும் பழைய சிகிச்சைச் சீட்டு, ஸ்கேன், பிரசவ மருத்துவமனையின் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் மட்டும் திணறும் கற்றல் குறைபாட்டுக்குப் பொதுவாக 8 வயதுக்குப் பிறகே சான்று தருவார்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் கிடைக்கும். அதில் முடிவு தேதி இருக்கும். அந்தத் தேதியை அலைபேசி காலண்டரில் போட்டு, இரண்டு மாதம் முன்பே நினைவூட்டும்படி வையுங்கள்.

அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால், மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. கடும் பாதிப்பு என்ற வகையில் என்றால் 75 விழுக்காடு வேண்டும். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் உடன் வரும் ஒருவருக்கும் பயணக் கட்டணம் இல்லை.

பத்தாம் வகுப்பு வரை எட்டிவிட்ட பிள்ளையா? கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு, தரைத்தளத்தில் இருக்கை ஆகியவற்றைக் குறைபாட்டுக்கு ஏற்பப் பெறலாம். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். பிப்ரவரியில் நினைத்துக்கொண்டு ஓடினால் நேரம் போதாது. பள்ளி திறந்ததுமே கேளுங்கள்.

சேர்க்க மாட்டோம் என்று பள்ளி உறுதியாகச் சொன்னால், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு, சேர்க்கை கேட்டு எழுதிக் கொடுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்த இடத்திலேயே பேச்சின் தொனி மாறும். மாறவில்லையா, வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர். நேரில் போக முடியாதவர்கள் பள்ளிக்கல்வி உதவி எண் 14417-ஐ அழைக்கலாம். முதல்வரின் உதவி மையம் 1100. திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். அங்கே கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பால்வெட்டு முடித்து எட்டரை மணி பேருந்தைப் பிடிக்க முடியாத வீட்டுக்கு 1100 தான் வசதி. அழைத்ததும் தரும் பதிவு எண்ணைக் கேட்டு, பிள்ளையின் யூடிஐடி எண்ணை எழுதிய அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள்.