வீட்டிலேயே செய்யலாம் உலாவி நீட்சி



மட்டாஞ்சேரியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் படிப்பதும் எழுதுவதும் மலையாளமும் ஆங்கிலமும்தான். எங்கள் வீடும் இதற்கு விலக்கல்ல. தென்காசியில் இருக்கும் என் அக்கா, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு அடிக்கடி தமிழில் மின்னஞ்சல் எழுதுவார். "தாத்தா, அத்தைப் பாட்டி என்ன எழுதியிருக்காங்க?" என்று பேத்தி கூப்பிட, நான் படித்துச் சொல்வேன். மகனும் இங்கேயே படித்தவன். அவனுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. சென்ற ஆண்டு எனக்குக் கண் அறுவை நடந்தபோது மூன்று வாரம் அக்காவின் கடிதங்கள் படிக்க ஆளின்றிக் கிடந்தன. எனக்குப் பின் யார் படித்துச் சொல்வார்கள் என்ற கவலை அன்று பிடித்தது. அதன் விளைவாக நானும் பேத்தியும் செய்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

384 என்ற எண்

பயர்பாக்ஸ் போன்ற உலாவிக்குள் அமர்ந்து, நாம் கேட்கும் கூடுதல் வேலையைச் செய்யும் சிறு நிரலுக்கு நீட்சி என்று பெயர். தமிழ்ப் பக்கத்தை மலையாள எழுத்தில் காட்டும் நீட்சி ஒன்று இருந்தால் பேத்தி தானே படித்துக்கொள்வாள் அல்லவா?

இது நினைத்ததைவிட எளிது. யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் 'அ' 2949. மலையாள 'அ' 3333. இடைவெளி 384. 'க'வுக்கும் 'ழ'வுக்கும் அதே இடைவெளிதான். இந்திய மொழிகளின் எழுத்துகள் யூனிகோடில் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதே காரணம். ஆகவே ஒவ்வோர் எழுத்தின் எண்ணுடனும் 384 கூட்டினால் போதும்!

கருவிகளை நிறுவுதல்

நிரல் எழுதிவிட்டால் மட்டும் நீட்சி ஆகிவிடாது. நாற்பது ஆண்டு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதியவன் நான். மிளகு வந்ததும் சலித்து, புடைத்து, சாக்கில் கட்டி, அக்மார்க் முத்திரை பெற்ற பிறகே அது சரக்கு. நிரலுக்கு இவ்வேலைகளைச் செய்பவை 'பில்டு டூல்' எனப்படும் கட்டுமானக் கருவிகள். எல்லாமே இலவசம், கட்டற்ற மென்பொருள்கள்.

1. முதலில் நோட் ஜேஎஸ். அதனுடன் என்பிஎம் என்ற கருவியும் வரும். எங்கள் உபுண்டு கணிப்பொறியில் ஏற்கெனவே இருந்த நோட் பழைய பதிப்பு என்பதால் அடுத்த கருவி ஓட மறுத்தது. நோட் தளத்தில் நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பை எடுத்தபின் சரியாயிற்று.

2. அடுத்து மொசில்லா தரும் வெப்-எக்ஸ்ட். இதைக் கணிப்பொறி முழுமைக்கும் நிறுவப்போய், அனுமதி இல்லை என்ற பிழைச்செய்தியுடன் ஒரு மாலை முழுதும் போராடினேன். நிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே நிறுவுவதே நல்லது. எந்தக் கருவியில் எந்தப் பதிப்பு என்பதும் அங்கேயே ஒரு கோப்பில் பதிவாகிவிடும். நாளை வேறொருவர் அதே கருவிகளை அப்படியே வரவழைக்கலாம்.

3. நீட்சியின் பெயர், பதிப்பு எண், எந்தப் பக்கங்களில் ஓட வேண்டும் என்பவற்றை 'மேனிஃபெஸ்ட்' கோப்பில் எழுத வேண்டும். சரக்குடன் போகும் சீட்டு மாதிரி.

4. வெப்-எக்ஸ்ட்டின் 'ரன்' கட்டளை, புதிய பயர்பாக்ஸ் ஒன்றைத் திறந்து நீட்சியை ஏற்றிக் காட்டும். நிரலைத் திருத்திச் சேமித்தால் தானே மறுபடி ஏற்றிக்கொள்ளும். 'லின்ட்' பிழைகளைச் சலிக்கும். 'பில்டு' எல்லாவற்றையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டித் தரும்.

5. கடைசியில் முத்திரை. மொசில்லாவின் கையொப்பம் இல்லாத நீட்சி, சாதாரண பயர்பாக்ஸில் அடுத்த முறை திறக்கும்போது இராது. மொசில்லா தளத்தில் கணக்குத் தொடங்கிக் கையொப்பம் பெறலாம். பொதுப் பட்டியலில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முதல் ஓட்டத்திலேயே ஒரு தவறு தெரிந்தது. 'ன' வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. மலையாளத்தில் 'ந'வுக்கும் 'ன'வுக்கும் வழக்கில் ஒரே எழுத்துதான். தனி 'ன' 2010இல்தான் யூனிகோடில் சேர்க்கப்பட்டது. எங்கள் எழுத்துருவில் அது இல்லை. 'ன'வுக்கு மட்டும் 383 கூட்டும்படி மாற்றினோம். தீர்ந்தது.

எதற்கு இவ்வளவு சிரமம்?

முன்பு 'பத்மா' என்றொரு பயர்பாக்ஸ் நீட்சி இருந்தது. தனித்தனி எழுத்துருவில் வந்த மலையாள, தமிழ், தெலுங்குச் செய்தித்தளங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டியது. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்தபோது, பழைய முறையில் எழுதிய நீட்சிகள் யாவும் ஓடாமல் நின்றன. பத்மாவும் அந்தப் பழைய முறையைச் சேர்ந்ததே. சமையல் குறிப்பு கையில் இருந்தும் அடுப்பு மூட்ட ஆள் இல்லையென்றால் பசி தீராது. 1991இல் வந்த குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, நிரலைக் கட்டவும் நிறுவவும் உதவும் கட்டளைக் கோப்புகளையும் மூலநிரலின் பகுதியாகவே சொல்கிறது. அதன் அருமை எனக்கு இப்போதுதான் விளங்கியது.

நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். "மலையாள எழுத்தில் தமிழா? பிள்ளைகள் தமிழ் எழுத்தையே கற்காமல் போவார்களே!" அவர் கேட்டது நியாயம்தான். இரண்டு நாள் எனக்கும் உறக்கமில்லை. வழி சொன்னவள் பேத்தி. "எனக்குத் தெரிஞ்ச எழுத்தை மாத்த வேண்டாம் தாத்தா" என்றாள். ஆனால் மலையாள எழுத்தோடு தமிழ்க் காலும் கொம்பும் ஒட்டாது; உடைந்து தெரியும். ஆகவே சொல் சொல்லாகப் பிரித்தோம். ஒரு சொல்லின் எல்லா எழுத்தும் அவள் கற்றவையென்றால் அது தமிழிலேயே நிற்கும். இல்லையேல் முழுச் சொல்லும் மாறும்.

இப்போது ஞாயிறுதோறும் மூன்று எழுத்து கற்கிறாள். கற்றதைப் பட்டியலில் சேர்த்து, பதிப்பு எண்ணைக் கூட்டி, தானே புதிதாகக் கட்டுகிறாள். நீட்சிக்கு வாராவாரம் வேலை குறைந்துகொண்டே வருகிறது. ஒருநாள் அதற்கு வேலையே இல்லாமல் போக வேண்டும் என்பதே என் ஆசை. சென்ற வாரம் கடிதத்தின் முதல் வரி முழுதும் தமிழிலேயே நின்றது. அதை உரக்கப் படித்துக் காட்டினாள்.

கட்டும் முறையை வரி வரியாக எழுதி வைத்திருக்கிறேன். ஆர்வமுள்ள பெற்றோரும் பிள்ளைகளும் சங்கக் கூட்டத்தன்று என்னைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கணிப்பொறியைக் கையோடு கொண்டுவந்தால் அங்கேயே நிறுவியும் தருகிறேன். தர வருவது பேத்தி, நான் துணைக்கு!