ஒரே கூரை, பல அடுப்பு

பிள்ளையார்பட்டித் தலத்தின் வரலாற்றை ஆராய்ந்து நூலாக எழுதியவரும், 1939-ஆம் ஆண்டில் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தவரும், 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி வேட்பாளராக நின்று காரைக்குடித் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குச் சென்றவரும் ஒருவரே. அவர் ‘கம்பன் அடிப்பொடி’ சா. கணேசன். கோயில், காவியம், கட்சி ஆகிய மூன்றையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்தே பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டபடியால், சர்க்காரின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று வாதாடிய அரசியலுக்கும், ஒரு குடைவரைக் கோயிலின் பழமையைத் தேடிய ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். யாருடைய ஆக்ஞையும் இல்லாமல் ஜனங்கள் தாமாகக் கூடி எழுப்பி, தாமாகவே நடத்தி வந்த ஸ்தாபனங்களின் நடுவே பிறந்து வளர்ந்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு, எல்லாக் காரியத்தையும் தலைநகரத்திலிருந்தே நடத்திவிடலாம் என்ற கொள்கை அந்நியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே உள்ள பிள்ளையார்பட்டி என்னும் சிற்றூரில், குன்றைக் குடைந்து அமைத்த கருவறையில், இரண்டே கரங்களோடும் வலமாகச் சுழித்த துதிக்கையோடும் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார் கற்பக விநாயகர். அக்குடைவரையில் பழைய எழுத்தில் காணும் சிறு கல்வெட்டில் பெருந்தச்சன் ஒருவனுடைய பெயர் இருப்பதாக அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். மன்னர்களின் மெய்க்கீர்த்திகள் நிறைந்த நம் நாட்டில், உளி பிடித்தவன் பெயர் அவன் செதுக்கிய பாறையிலேயே நின்றுவிட்டதென்றால், அது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

கோயிலின் நிர்வாகம் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினரான நகரத்தார்களிடம் இருக்கிறது. இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவராகவே ஒவ்வொரு நகரத்தாரும் கணக்கிடப்படுகிறார். திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. திருமணம் நடக்க வேண்டுமானால் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். இருவீட்டாரின் சம்மதத்தை இசைகுடிமானம் என்ற பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, அந்தப் பணத்தில் ஊருணி வெட்டினார்கள், பாடசாலை வைத்தார்கள், போன இடமெல்லாம் விடுதி கட்டினார்கள். 1813-ல் காசியில் தொடங்கிய நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்குரிய பொருள்கள் ‘சம்போ’ என்ற முழக்கத்தோடு இன்றும் நாள்தோறும் கொண்டுசெல்லப்படுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி, விக்டோரியா மகாராணி, சுதந்திர பாரதம் என்று மேலே ஆட்சிகள் மாறிக்கொண்டிருக்க, கீழே இந்த ஏற்பாடு தன் வழியில் நடந்து வந்திருக்கிறது.

இவற்றையெல்லாம்விட என் சிந்தையைக் கவர்ந்தது ‘வேறு வைத்தல்’ என்னும் குடும்ப வழக்கம். மகனுக்குத் திருமணமாகிச் சிறிது காலம் கழிந்ததும், பெற்றோரே அவனையும் மருமகளையும் அந்தப் பெரிய வீட்டுக்குள்ளேயே தனிக் குடித்தனமாக வைத்துவிடுவார்கள். வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுடையது, அடுப்பு தனி, செலவுக்கென்று ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டபின், அதற்குள் சிக்கனமாக இருப்பதும் ஊதாரியாகப் போவதும் அவர்கள் பொறுப்பு. முகப்பும் வளவும் ஊர் விசேஷங்களும் எல்லோருக்கும் பொது. கூரை ஒழுகினால் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இன்று என்ன குழம்பு வைக்க வேண்டும் என்று மாமியார் மருமகளுக்கு உத்தரவிட மாட்டார். அரசு எதுவரை வரலாம், எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு மேல்நாட்டு அறிஞர்கள் எத்தனையோ கிரந்தங்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ இந்த வளவும் இதைச் சுற்றியுள்ள அடுப்புகளுமே அக்கேள்வியை மிகத் தெளிவாக விளக்குகின்றன.

1959-ஆம் ஆண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, விவசாயத்தில் கூட்டுறவுப் பண்ணை முறையை இலட்சியமாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. உழுபவன் நிலத்தை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அவனே தன் நிலத்தில் கூலியாளாகிவிடுவான் என்று அஞ்சிய ராஜாஜி, எண்பது வயதைத் தாண்டிய நிலையில், அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். என்.ஜி. ரங்காவும் மினூ மசானியும் உடன் நின்றார்கள். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா இம்மூன்றாலும் நடக்கும் ராஜ்யம் என்று அன்றைய ஆட்சி முறைக்கு ராஜாஜி சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. 1962-ல் கட்சிக்கு மக்களவையில் 18 இடங்களும் சென்னைச் சட்டசபையில் 6 இடங்களும் கிடைத்தன. அந்த ஆறில் ஒன்றே காரைக்குடி.

ராஜாஜி சொன்னது வெறும் தத்துவமன்று, ஒரு முறை செய்து பார்த்ததும்கூட. யுத்த காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு, யுத்தம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் நீங்காமல், நெல்லை ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குக் கொண்டுபோவதையே குற்றமாக்கியிருந்த வேளையில், 1952-ல் முதலமைச்சரான அவர், பதவியேற்ற சில மாதங்களுக்குள்ளேயே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அஞ்சியவர்கள் அஞ்சியபடி அரிசி மறைந்துவிடவில்லை.

சட்டசபையில் பேசப்படும் சுதந்திரத்தைக் காட்டிலும் அடுக்களையிலும் பட்டறையிலும் அனுபவிக்கும் சுதந்திரமே சாதாரண மனிதனுக்கு நெருக்கமானது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர், 1980-களின் நடுப்பகுதி வரை, ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பாட்டுக் கேட்பதற்கு அனுமதிச் சீட்டு! அதைவிடக் கடுமையானது 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு. சீனப் போரை ஒட்டி, அந்நியச் செலாவணியைக் காக்கும் நோக்கத்தோடு, 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை எதையும் செய்யக் கூடாது என்று சர்க்கார் விதித்தது. செட்டிநாட்டில் இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். நகரத்தார் வீட்டு மணமகள் கழுத்தில் ஏறும் கழுத்துரு பொன்னால் ஆன பல உருப்படிகளைக் கோத்துச் செய்வது. தலைமுறை தலைமுறையாகத் தாய் மகளுக்குத் தருவது. அதைச் செய்யும் ஆசாரி, தான் கற்ற தூய்மையில் தொழில் செய்தால் குற்றவாளி. நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையிழந்து தவித்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடத்தல் தங்கமோ குறையவில்லை. காரட் விதி சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஆனால் 1968-ல் தனிச் சட்டமாகவே உருவெடுத்த தங்கக் கட்டுப்பாடு, 1990-ல்தான் முழுதும் நீக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு பிறந்த ஒரு விதி, எவனுக்கும் தீங்கிழைக்காத ஒரு கைவினைஞனுடைய பட்டறையை மூடியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

இவ்வளவு சொன்னபின், இதே மண்ணில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. சர்க்கார் ஒதுங்கி நின்றால் மனிதர் தாமே சுகமாக வாழ்ந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர், அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது விதித்த தடைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். பொன்னோ வெள்ளியோ அணியக் கூடாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. குடை பிடிக்கவோ செருப்புப் போடவோ கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. நிலம் வைத்திருக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியங்கள் அழிக்கப்பட்டன. இந்தத் தடைகளில் ஒன்றைக்கூட எந்தச் சர்க்காரும் போடவில்லை. அத்தனையும் ஊர் போட்டவை. தங்கக் கட்டுப்பாட்டைக் கண்டு கொதிக்கும் மனம் இதைக் கண்டு அதைவிடப் பன்மடங்கு கொதிக்காவிட்டால், அந்த மனத்துக்கு வேண்டியது தன் சௌகரியமே ஒழியச் சுதந்திரமன்று.

ஆகையால் ‘குறைந்த அரசு’ என்பதை ‘பலமற்ற அரசு’ என்று நான் பொருள் கொள்வதில்லை. மெலிந்தவனை வலியவன் அடிக்கும்போது அரசு முழு வலிமையோடு வந்து நிற்க வேண்டும். ராஜாஜியும் இதை அறிந்தவரே. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஏ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது, அதை எதிர்த்தவர்களின் வழக்குகளிலிருந்து அவர்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தது ராஜாஜியின் மந்திரிசபைதான். அதே ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். விற்பனை வரியைப் புகுத்தினார். 1953-ல் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் கழிக்கும் கல்வித் திட்டத்தை வகுத்தார். இந்தக் கடைசித் திட்டம் தனிமனிதனின் விருப்பத்தைப் பிறப்போடு கட்டிவைக்கக் கூடியது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். தமிழ்நாடு அதை எதிர்த்து எழுந்தது முற்றிலும் சரி. அதிகாரத்தில் இருக்கும்போது எத்தகைய அறிவாளிக்கும் பிறர் வாழ்வைத் திருத்தும் ஆசை வந்துவிடுகிறது. அரசுக்கு எல்லை வேண்டும் என்பதற்கு, அந்த எல்லையை வலியுறுத்திய தலைவரின் வாழ்க்கையே ஒரு சாட்சி.

சொத்துரிமையைப் பற்றிய பேச்சு செட்டிநாட்டில் வேறோர் ஆழத்தைத் தொடும். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தாரிடம், 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் தீர்க்க முடியாத விவசாயிகளின் நிலங்கள் வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய கால் பங்கு வயல்கள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் அவர்கள் வசமிருந்தன. நிலத்தைப் பறிகொடுத்த பர்மியக் குடியானவனின் துயரமும் துயரமே. பின்னர் யுத்தம் வந்தது. 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம். 1962-ல் நே வின் தலைமையில் ராணுவ ஆட்சி. அதற்கடுத்த ஆண்டுகளில் கடைகளும் நிறுவனங்களும் தேசியமயம். ஒரு கையெழுத்தில் தலைமுறைகளின் சேமிப்பு போய்விடும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இவ்வூர்க்காரர்கள். 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிடங்களிலும் ஒரே நாளில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியும் 1969 ஜூலையில் தேசியமயமான 14 பாங்கிகளில் ஒன்றாயிற்று. 1978-ல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 1974-லேயே சுதந்திராக் கட்சி வேறு கட்சியோடு கலந்துவிட்டிருந்தது. ராஜாஜியும் 1972 டிசம்பரில் மறைந்துவிட்டிருந்தார்.

ஆயினும் சட்டம் சுதந்திரத்தைப் பெருக்கியதும் உண்டு. அது அந்தப் பெரிய வீடுகளுக்குள்ளேயே நுழைந்தது. புள்ளிக் கணக்கிலும் வீட்டுப் பங்கிலும் ஆண் வழியே பேசப்பட்டு வந்த நிலையில், தமிழ்நாடு சர்க்கார் 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியாகும்படி செய்த வாரிசுரிமைத் திருத்தம், அத்தேதிக்கு முன் மணமாகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனோடு ஒத்த பங்கை அளித்தது. இதை அரசின் தலையீடு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஒரு பெண்ணுக்குத் தன் பங்கைக் கேட்கும் வாய் கிடைப்பது தலையீடானால், அத்தகைய தலையீட்டை நான் இருகரம் நீட்டி வரவேற்கிறேன்.

இன்று பிள்ளையார்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த வீடுகள் வரிசை வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பல ஊர்களிலும் பல தேசங்களிலும் சிதறியிருக்க, ஒரு கதவைச் சீர்படுத்தக்கூட அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும். சம்மதம் வாராமலே சில வீடுகள் இடிக்கப்பட்டு, பர்மாத் தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. யுனெஸ்கோவுக்கு இந்தியா அனுப்பிய உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி இடம்பெற்றிருக்கிறது. ஆகவே இடிப்பதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. இடிபடும் முகப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரலின் வேதனை புரியும். ஆனால் ஒரு விதவைத் தாயோ, வேலையிழந்த ஒரு பங்காளியோ தன் வீட்டுப் பங்கை விற்கக் கூடாது என்று விதிப்பவர்கள், அந்த வீட்டின் ஓட்டை மாற்றும் செலவையும் ஏற்க வேண்டுமல்லவா? வீட்டு வரியைத் தள்ளுபடி செய்யலாம். சீர்படுத்துகிறவருக்குக் கடனில் சலுகை தரலாம். பங்காளிகளுக்குள் உடன்படிக்கை எழுத இலவசமாக வக்கீல் உதவி அளிக்கலாம். வாங்க முன்வரும் நகரத்தார் சங்கத்துக்கோ கல்லூரிக்கோ பத்திரச் செலவைக் குறைக்கலாம். இத்தனையும் செய்து பார்த்தபின்னும் ஒருவர் விற்றே தீர வேண்டுமென்றால், அந்தத் தூணை விற்கும் உரிமை அவருடையதே என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை; அந்தத் தூணை நான் எவ்வளவு நேசித்தாலும்.