தனி ஒருவரின் தொழிலும் அதன் சட்ட உருவமும்

பட்டறை வைப்பவரும், மசாலாப் பொடி அரைத்து விற்பவரும், வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் யந்திரங்களைப் போட்டுக்கொண்டு பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுப்பவரும், தொழில் தொடங்குமுன் ஆடிட்டரிடம் போய் எந்த முறையில் பதிந்தால் வரி குறையும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதுதான், எனினும் அதற்கு முன்பே தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. தொழில் நொடித்துப்போனால் கடன்காரர் எந்தச் சொத்து வரையில் கை வைக்கலாம் என்பது ஒன்று. நடத்துகிறவர் திடீரென்று காலமானால் தொழில் யாரிடம், எந்த நிலையில் போய்ச் சேரும் என்பது மற்றொன்று. ஒரு தொழிலின் சட்ட உருவத்தை இவ்விரண்டையும் வைத்தே முதலில் எடைபோட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1932-ஆம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டமும், 2008-இல் வந்த, வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனங்களுக்கான எல்.எல்.பி. சட்டமும் குறைந்தது இரண்டு பேரைக் கேட்கின்றன. ஆகவே, கூட்டாளி எவருமின்றித் தொழில் நடத்த விரும்புகிறவருக்கு நம் நாட்டில் எஞ்சியிருப்பவை தனியுரிமை வியாபாரமும், ஒரு நபர் கம்பெனியுமே.

தனியுரிமை வியாபாரத்தைத் தோற்றுவிப்பதற்கென்று தனிச் சட்டமோ பதிவோ இல்லை. உரிமையாளரின் பான் எண்ணே தொழிலுக்கும் எண். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும், சேவை அளிப்பவருக்கு 20 லட்சத்தையும் தாண்டும் வரையில், வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பாதிருந்தால், ஜி.எஸ்.டி. பதிவும் பொதுவாகக் கட்டாயமில்லை. விற்றுமுதல் 2 கோடிக்கு உட்பட்டிருந்தால், அதில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகையாயின் 6 சதவீதத்தை, லாபமென்று காட்டி, விரிவான கணக்குப் புத்தகங்களின் சுமையிலிருந்தும் விடுபடலாம்.

இத்தனை வசதிகளுக்கும் எதிர்ப்பக்கத்தில் நிற்பது, சட்டத்தின் பார்வையில் தொழிலும் அதை நடத்துகிறவரும் ஒருவரே என்ற உண்மை. கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்தும் ஒருவர் இரும்புக் கடையில் கடனுக்குச் சரக்கெடுத்து, உதிரி பாகங்களைக் கடைந்து கொடுத்து, பணம் தரவேண்டிய ஆலை மூடப்பட்டுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். இரும்புக் கடைக்காரர் வழக்குத் தொடுத்து டிக்ரி பெற்றால், பட்டறை யந்திரங்களோடு திருப்தியடைய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவருக்கு இல்லை. அதே மனிதரின் பெயரிலுள்ள வீட்டையும், மகளின் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டுவைத்த தொகையையும் ஜப்தி செய்யும்படி கேட்கலாம். தந்தை பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்ற பழைய ஹிந்து சட்டக் கோட்பாட்டை ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005-இல் வந்த திருத்தம் விலக்கிவிட்டபடியால், அதன் பின் ஏற்பட்ட கடன்களுக்கு வாரிசுகள் தங்கள் கைக்கு வந்துசேர்ந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளிகள். குடும்பங்களுக்கு இது உண்மையான ஆறுதல். ஆனால் வந்துசேர்ந்த சொத்து குடியிருக்கும் வீடு ஒன்றுதான் என்றால், அந்த வீட்டை அது காப்பதில்லை.

மனிதர் வேறு, அவர் நடத்தும் ஸ்தாபனம் வேறு என்ற கொள்கை நிலைபெற்ற வழக்கை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். லண்டனில் ஒயிட்சேப்பல் பகுதியில் பூட்ஸ் வியாபாரம் செய்துவந்த ஆரன் சாலமன் 1892-இல் அதைக் கம்பெனியாக்கினார். ஏழு பேர் இன்றிக் கம்பெனி அமைக்க முடியாதென்று அக்காலச் சட்டம் விதித்திருந்தபடியால், மனைவிக்கும் ஒரு மகளுக்கும் நான்கு புதல்வர்களுக்கும் ஆளுக்கொரு பங்கு போக, 20,007 பங்குகளில் 20,001 பங்குகள் அவரிடமே இருந்தன. அடுத்த ஆண்டே கம்பெனி கலைக்கப்பட நேர்ந்தபோது, கடனுக்குச் சாலமனே பொறுப்பென்று கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் கூறின. 1896-இன் இறுதியில், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றி, முறைப்படி பதிவான கம்பெனி தன் பங்குதாரரிடமிருந்து வேறான ஒரு நபரே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஈடில்லாமல் கடன் கொடுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருவர் பெறும் பாதுகாப்பு இன்னொருவருக்கு நஷ்டமாக முடியக்கூடும் என்பதை இந்த வழக்கில் கண்டவர்கள், அந்தப் பாதுகாப்புக்குச் சட்டம் கேட்கும் விலையை அநியாயமென்று சொல்லமாட்டார்கள்.

நம் நாட்டிலும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பிரைவேட் கம்பெனிக்கு இருவர் வேண்டுமென்றதால், மனைவியையோ தம்பியையோ பெயரளவில் பங்குதாரராக்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. கம்பெனிச் சட்டத்தைச் சீரமைக்க அமைக்கப்பட்ட ஜே. ஜே. இரானி குழு 2005-இல் செய்த சிபாரிசை ஏற்று, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் ஒருவரே முழு உரிமையாளராக இருக்கக்கூடிய கம்பெனிக்கு இடமளித்தது. மூலதனம் 50 லட்சத்தையோ விற்றுமுதல் 2 கோடியையோ தாண்டினால் அந்த உருவத்தை விட்டுவிட வேண்டும் என்றிருந்த விதி 2021-இல் நீக்கப்பட்டது.

ஒரு நபர் கம்பெனி தரும் பாதுகாப்புக்கான விலை என்னவென்றால், வியாபாரம் எவ்வளவு சிறியதாயினும் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை கட்டாயம். நிதிநிலை அறிக்கையும் ஆண்டு அறிக்கையும் ரிஜிஸ்திராருக்குச் சேரவேண்டிய நாளைத் தாண்டினால், ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். 2025-26-ஆம் நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்குத் தனிநபர் வரி கட்ட வேண்டியதில்லை; கம்பெனியோ குறைந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் ரூபாய் லாபத்திலிருந்தே சர்சார்ஜும் செஸும் சேர்ந்து சுமார் 25 சதவீதம் கட்டுகிறது; மிஞ்சியதை டிவிடெண்டாக எடுத்தால் அது பங்குதாரரின் வருமானத்திலும் சேர்கிறது.

கம்பெனி என்றாலே சொந்தச் சொத்து முழுவதும் பத்திரம் என்று நம்பிவிடுவதும் ஆபத்து. சிறு கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் பெரும்பாலும் உரிமையாளரின் சொந்த ஜாமீனைக் கேட்கின்றன. கையெழுத்திட்டபின் அந்தக் கடனைப் பொறுத்தவரையில் கம்பெனி என்ற அரண் இல்லை. சரக்குக் கடன் கொடுத்தவர், முன்பணம் கொடுத்தவர், கட்டடச் சொந்தக்காரர் ஆகியோரைப் பொறுத்தவரையிலேயே, அதுவும் அவர்களுக்குச் சொந்த ஜாமீன் எழுதித் தராதிருந்தால்தான், அது நிற்கும். எனவே, பிறரிடம் கடன் வாங்காமல் தம் உழைப்பை மட்டும் விற்கிற தையற்காரருக்குத் தனியுரிமை வியாபாரமே போதும். லெட்டர் ஹெட்டில் கம்பெனி என்று அச்சிட்டுக்கொள்ளும் கௌரவத்துக்காக ஆண்டுதோறும் தணிக்கைச் செலவை அவர் தலையில் ஏற்றுவது தவறு. லட்சக்கணக்கில் சரக்குக் கடனும் முன்பணமும் புரளும் பட்டறைக்காரர் விஷயத்தில் நான் ஒரு நபர் கம்பெனியையே சிபாரிசு செய்வேன்.

இனி, மரணத்தைப் பற்றிய கேள்வி. தனியுரிமை வியாபாரத்தில் உரிமையாளர் காலமானால் ஜி.எஸ்.டி. பதிவை ரத்துசெய்து, தொழிலைத் தொடரும் வாரிசு தம் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கும் லைசென்ஸுகளும் அவ்வாறே. ஒரு நபர் கம்பெனியோ தொடர்ந்து ஜீவித்திருக்கும். பதிவின்போதே எழுத்து மூலம் சம்மதம் தந்த நாமினி, உரிமையாளரின் இடத்தில் உறுப்பினராவார். இந்த நாமினியை யோசனையின்றி, அன்றைக்குக் கைவசம் ஆதார் அட்டை வைத்திருந்த நண்பரின் பெயரில் எழுதிவிடக் கூடாது. சாதாரணக் கம்பெனிப் பங்குகளுக்கு நாமினியாக நியமிக்கப்பட்டவர், அந்த நியமனத்தினாலேயே வாரிசுகளை மீறிய முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருப்பதால், ஒரு நபர் கம்பெனியிலும் வீண் வழக்குக்கு இடம் வைக்காமல், நாமினிப் படிவமும் உயிலும் ஒருவரையே குறிக்கும்படி செய்வது உசிதம். மைனர் நாமினியாக முடியாது. மகனுக்கோ மகளுக்கோ தொழில் போகவேண்டுமென்று விரும்புகிறவர், அவர்கள் பதினெட்டு வயது நிரம்பும் வரையில் மனைவியின் பெயரை எழுதிவைத்து, பின்னர் உரிய படிவத்தின் மூலம் ரிஜிஸ்திராருக்குத் தெரிவித்து மாற்றிக்கொள்ளலாம்.