கூழாங்கல் கிடைக்காத நாடு

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு கல்லைக் காலால் தட்டிக்கொண்டே வீடுவரை வந்திருப்பீர்கள். நானும் வந்திருக்கிறேன், செருப்பு தேய்ந்ததற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன். பம்பாஸ் சமவெளியில் பிறந்த பிள்ளைக்கு அந்த விளையாட்டுக்கு வழியே இல்லை. தட்டுவதற்குக் கல் வேண்டுமே!

தென் அமெரிக்க வரைபடத்தை எடுத்துக் கிழக்குக் கரையோரமாக விரலை இறக்கிக்கொண்டே வாருங்கள். லா பிளாட்டா என்று ஓர் அகன்ற ஆற்று முகம் வரும். அதன் தென்கரையில் பியூனஸ் அயர்ஸ் நகரம். நகரத்துக்குப் பின்னால் மேற்கிலும் தெற்கிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது புல்வெளி. அர்ஜென்டினாவின் நடுப்பகுதி, உருகுவே, பிரேசிலின் தென்கோடி எல்லாம் சேர்த்தால் 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ‘பம்பா’ என்றால் கெச்சுவா மொழியில் சமவெளி. உருகுவே பக்கம் மேடு பள்ளமும் பாறையும் உண்டு. நான் சொல்லப்போவது அர்ஜென்டினா பக்கத்துத் தட்டை நிலத்தைப் பற்றி.

அங்கே ஏன் கல் இல்லை? பாட்டி முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரிந்த மாதிரிதான். புடைக்கும்போது உமியும் தூசியும் பறந்து போகும், கல் முறத்திலேயே தங்கும். பம்பாஸில் முறம் ஆண்டிஸ் மலை, புடைத்தது காற்று. பனியூழிக் காலங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசிய வறண்ட காற்று மலையடிவாரத்துப் பொடி மண்ணையும் எரிமலைச் சாம்பலையும் வாரிக்கொண்டு வந்து கிழக்கே கொட்டியது. பல்லாயிரம் ஆண்டுகள் இப்படிக் கொட்டிக்கொட்டி மீட்டர் கணக்கில் மண் சேர்ந்தது. இப்படிக் காற்று கொண்டுவந்து சேர்த்த மண்ணைப் புவியியலாளர்கள் ‘லோயஸ்’ என்பார்கள். தூசியைச் சுமந்து வந்த காற்றுக்குக் கல்லைத் தூக்கும் வலு இல்லை.

காற்று கொண்டுவராவிட்டால் ஆறு கொண்டுவரக் கூடாதா என்று கேட்பீர்கள். மலைச் சரிவில் பாயும் ஆறு பாறையையே உருட்டும். ஆனால் நிலம் தட்டையாகிவிட்டால் ஆற்றின் வேகம் போய்விடும், வேகம் போனால் சுமைதூக்கும் பலமும் போய்விடும். பம்பாஸ் சரிவே இல்லாத அளவுக்குத் தட்டை. பெருமழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வாரக்கணக்கில் வயலிலேயே நிற்கும். அப்படிப்பட்ட நிலத்து ஆறு வண்டலைத்தான் சுமக்கும். மண்ணுக்குள் சில இடங்களில் ‘தோஸ்கா’ என்ற சுண்ணாம்புக் கட்டிப் படிவம் உண்டு. அதைக் கல் கணக்கில் சேர்த்துக்கொள்வதா என்று என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

ஆற்றங்கரை மண்ணில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அது எலும்பாகவும் இருக்கலாம். 1787-இல் லுஹான் ஆற்றங்கரையில் தட்டுப்பட்டவை பெரிய பெரிய எலும்புகள். அவற்றைக் கப்பலேற்றி ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே பொருத்திப் பார்த்தபோது யானை அளவுக்கு ஒரு விலங்கு எழுந்து நின்றது. மெகாதீரியம், அதாவது தரையில் வாழ்ந்த ராட்சத ‘ஸ்லாத்’ எனும் சோம்பல் விலங்கு. ஆமை ஓடு போட்ட கார் போன்ற கிளிப்டோடான் என்ற விலங்கும் இதே மண்ணில் வாழ்ந்ததுதான்.

1833-இல் இந்தப் புல்வெளியில் குதிரையேறிப் போனார் இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர். பீகிள் கப்பலில் உலகம் சுற்ற வந்த சார்லஸ் டார்வின். பரானா ஆற்றங்கரையில், இந்த ராட்சத எலும்புகள் கிடக்கும் அதே மண்ணடுக்கில், அவருக்கு ஒரு பல் கிடைத்தது. பார்த்தால் குதிரைப் பல்! தென் அமெரிக்காவுக்குக் குதிரையைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள், அதுவும் முந்நூறு வருடத்துக்குள்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பல் சொன்ன கதை வேறு. குதிரை இந்த மண்ணிலேயே ஒருகாலத்தில் மேய்ந்திருக்கிறது, சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோயிருக்கிறது. பிறகு கப்பலேறித் திரும்பி வந்திருக்கிறது.

திரும்பி வந்த கதையும் வேடிக்கையானது. 1536-இல் பெத்ரோ தே மெந்தோசா என்ற ஸ்பானியர் பியூனஸ் அயர்ஸில் முதல் குடியிருப்பை அமைத்தார். அங்கே ஏற்கெனவே வாழ்ந்திருந்த கெராந்தி மக்கள் எதிர்த்து நின்றார்கள். பசியும் சேர்ந்துகொண்டது. 1541-இல் குடியிருப்பைக் கைவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். விட்டுப்போன குதிரைகள் புல்வெளிக்குள் ஓடிவிட்டன. 1580-இல் ஹுவான் தே கராய் வந்து நகரத்தை மறுபடி நிறுவியபோது, அந்தக் குதிரைகளின் பேரப்பிள்ளைகள் மந்தை மந்தையாகத் திரிந்துகொண்டிருந்தன. மாடு வந்தது வடக்கே அசுன்சியோன் வழியாக. 1550-களில் ஏழு பசுவும் ஒரு காளையும் அங்கே வந்து சேர்ந்தன என்று பழைய வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. முடிவில்லாத புல், வேட்டையாடும் விலங்கு குறைவு. மாடு பெருகாமல் என்ன செய்யும்?

இந்த மாடுகளின் பின்னால் குதிரையில் திரிந்தவர்கள்தான் கௌச்சோக்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கல் இல்லை என்று சொன்னேன், மரமும் கிட்டத்தட்ட இல்லை. மரம் நட்டால் வளரும் மண்தான், இன்று யூகலிப்டஸ் ஓங்கி நிற்கிறது. புல்லின் வேர்ப்பின்னலும் வறட்சியும் தீயும் சேர்ந்து கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை என்பது பலர் சொல்லும் விளக்கம். ஆங்காங்கே ‘ஓம்பு’ என்று ஒன்று குடை விரித்து நிற்கும். பார்த்தால் ஆலமரம் போல இருக்கும், வெட்டினால் பஞ்சு போல நீர் நிறைந்த தண்டு. தாவரவியல்படி கீரைக்குத் தூரத்துச் சொந்தம். பலகைக்கும் ஆகாது, விறகுக்கும் ஆகாது, நிழலுக்கு மட்டும் ஆகும்.

கல்லும் மரமும் இல்லாதவன் வீட்டை எதால் கட்டுவான்? மண்ணும் வைக்கோலும் குழைத்துச் சுவர். கதவு? மாட்டுத்தோல். கட்டில்? தோல். மூட்டை கட்டும் பை? தோல். நாற்காலிக்குப் பதிலாக மாட்டு மண்டையோடு. அடுப்பெரிக்கக் காய்ந்த சாணமும் நெருஞ்சி போன்ற முட்செடித் தண்டும் எலும்பும். ஆற்றைக் கடக்க வேண்டுமா? ஒரு முழுத்தோலின் ஓரங்களைச் சுருக்கிக் கட்டிக் கிண்ணம் போலாக்கி, அதில் பயணியை உட்காரவைத்து, நீந்துபவர் கயிற்றால் இழுத்துப் போவார். அந்தத் தோல் படகுக்குப் பெயர் ‘பெலோத்தா’, அதாவது பந்து. ஆணியும் அரிது. அதனால் ஈரத்தோல் வாரைச் சுற்றிக் கட்டிவிட்டு வெயிலில் விடுவார்கள். பதப்படுத்தாத தோல் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது கட்டு இறுகும். வண்டியே இப்படி நின்றது.

டபிள்யூ.எச். ஹட்சன் என்ற இயற்கை எழுத்தாளர் 1841-இல் இங்கே பிறந்து, புல்வெளியிலேயே வளர்ந்தவர். பியூனஸ் அயர்ஸ் ஓரத்தில் தோட்டங்களைச் சுற்றி மாட்டு மண்டையோடுகளால் எழுப்பிய மதில்களைச் சிறுவயதில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இடையிடையே புல்லும் கொடியும் முளைத்திருக்குமாம். கருங்கல் இருக்கும் ஊரில் யாருக்காவது இந்த யோசனை வருமா?

அப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று பாருங்கள். கெராந்தி மக்களின் ஆயுதம் ‘போலாஸ்’. உருண்டையாகத் தேய்த்த கற்களைக் கயிற்றில் கட்டியது. பிறகு கௌச்சோக்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். மூன்று குண்டு, மூன்று கயிறு, நடுவில் ஒரே முடிச்சு. ஒரு குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தலைக்கு மேல் சுழற்றி, ஓடும் மாட்டின் காலைப் பார்த்து விடுவார்கள். போலாஸ் சுழன்றுகொண்டே பறக்கும். கயிறு காலில் பட்டதும் குண்டுகள் காலைச் சுற்றிக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நூலில் அழிப்பானைக் கட்டி, விரலைச் சுற்றி ஒரு சுழற்று சுழற்றுங்கள். நூல் விரலில் சுற்றச் சுற்ற, மிச்ச நூல் குறையும். நூல் குறையக் குறைய ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் குறையும். கடைசியில் விர்ரென்று சுற்றி விரலில் ஒட்டிக்கொள்ளும். மாட்டின் கால் அவிழ்த்துக்கொள்ள நேரமே கிடைக்காததன் காரணம் அதுதான். (அக்கம்பக்கத்தில் கண்ணாடி இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள்.)

டார்வினும் குதிரை மேலிருந்தபடி போலாஸ் வீசிப் பழகினார். ஒரு குண்டு புதரில் பட்டுக் கீழே விழுந்து, அவர் ஏறியிருந்த குதிரையின் காலையே சுற்றிக்கொண்டது. இன்னொரு குண்டும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. கௌச்சோக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எத்தனையோ விலங்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், தன்னைத் தானே பிடித்துக்கொண்ட மனிதரை அவர்கள் பார்த்ததில்லை.

கெட்டிப் பொருள் மேல் ஆசை மனிதருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ‘விஸ்காச்சா’ என்று பெருச்சாளி, முயல் இரண்டையும் குழைத்தது போன்ற ஒரு கொறிவிலங்கு அங்கே உண்டு. வளை தோண்டி வாழும். எலும்பு, மண்ணாங்கட்டி, முள்தண்டு, எப்போதாவது கிடைக்கும் கல் என்று எது கண்ணில் பட்டாலும் இழுத்துவந்து வளை வாசலில் குவிக்கும். இரவில் குதிரையில் போன ஒருவர் தன் கடிகாரத்தைத் தவறவிட்டார். (சங்கிலி போட்டுச் சட்டைப்பையில் வைக்கும் கடிகாரம்.) மறுநாள் காலை வழியோரத்து வளை வாசல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டார் என்று டார்வின் குறித்துவைத்திருக்கிறார்.

இனி ஒரு வருத்தமான கணக்கு. தோல் காய்ந்தால் வருடக்கணக்கில் கெடாது. கொழுப்பை உருக்கினால் மெழுகுவத்தியும் சோப்பும் செய்யலாம். இரண்டும் கப்பலேறி ஐரோப்பா போயின. இறைச்சி? இரண்டே நாளில் அழுகும். அதனால் தோலை உரித்துக்கொண்டு இறைச்சியைப் பறவைகளுக்கு விட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் இறைச்சியையும் உப்பிட்டுக் காயவைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் பிரேசிலிலும் கியூபாவிலும் இருந்த பண்ணை முதலாளிகள். தங்களிடமிருந்த அடிமைகளுக்குப் போட மலிவான உணவு தேடியவர்கள். 1860-களில் உருகுவேயின் ஃபிரை பென்டோஸில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. வேதியியலாளர் லீபிக் சொன்ன முறையில் இறைச்சிச் சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சிக் குழம்பாக்கியது. சுமார் 30 கிலோ இறைச்சி போட்டால் 1 கிலோ சாறு வரும்.

கடைசியில் வழி காட்டியது குளிர். ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட் ஏன் சில்லென்று இருக்கிறது? ஆவியாகும் திரவம் பக்கத்திலிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் டெலியே, சீக்கிரம் ஆவியாகும் மெத்தில் ஈதரை வைத்து ஒரு கப்பலின் அறைகளைக் குளிர்வித்தார். ‘லெ ஃப்ரிகோரிஃபிக்’ என்ற அந்தக் கப்பல் இறைச்சியோடு பிரான்சிலிருந்து புறப்பட்டு, மூன்று மாதத்துக்கு மேல் பயணம் செய்து, 1876 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸ் சேர்ந்தது. டிசம்பர் என்றால் அங்கே கோடை. அந்த வெயிலில் இறங்கிய இறைச்சி அழுகியிருக்கவில்லை. அதற்குப் பிறகு பம்பாஸ் மாட்டுக்கு விலை வந்தது.

விலை வந்ததும் வேலியும் வேகமாகப் பரவியது. கம்பி வேலி 1840-களிலேயே வந்துவிட்டது. ஆனால் வேலிக்குக் கம்பம் வேண்டும், மரத்துக்கு எங்கே போவது? வடக்கே சாக்கோ காட்டிலிருந்து கெப்ராச்சோ மரம் வந்தது. கோடரியை முறிப்பது என்று பொருள்படும் பெயர். தண்ணீரில் போட்டால் மூழ்கும். எல்லையில்லாமல் திரிந்த கௌச்சோ, ‘எஸ்தான்சியா’ எனும் பெரும் பண்ணைகளில் கூலியாள் ஆனார். பழங்குடி மக்கள் இழந்தது இன்னும் பெரிது. அவர்களைத் தடுக்க 1876-77-இல் அரசு புல்வெளிக்குக் குறுக்கே சுமார் 370 கிலோமீட்டருக்கு அகழி வெட்டியது. 1879-இல் தளபதி ரோக்காவின் படை அகழியைத் தாண்டிப் போய் நிலத்தையே பிடித்துக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள். அதற்கு வைத்த பெயர் ‘பாலைவனத்தை வெல்லுதல்’. மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த புல்வெளியைப் பாலைவனம் என்று சொல்ல எப்படி மனம் வந்ததோ.

வேலிக் கம்பத்தால் லாபம் கண்டது ஒரு குருவி. ‘ஒர்னேரோ’ என்றால் அடுப்புக்காரர். ஐம்பது கிராம் எடையுள்ள இந்தப் பழுப்புப் பறவை, ஈரமண்ணும் வைக்கோலும் குழைத்து ரொட்டி அடுப்பு மாதிரி 3 முதல் 5 கிலோ எடையில் கூடு கட்டும். உள்ளே ஒரு தடுப்புச் சுவரும் உண்டு. கௌச்சோ வீட்டுச் சுவரும் அதே கலவைதான். மரம் இல்லாத இடத்தில் வேலிக் கம்பத்தின் உச்சி அதற்கு நல்ல மனை. 1928-இல் அர்ஜென்டினாவின் தேசியப் பறவை ஆகிவிட்டது.

கல்லே கிடையாதா என்றால், புல்வெளிக்கு நடுவே டாண்டில் என்ற ஊரில் பழங்காலத்துக் குன்றுகள் தலைநீட்டுகின்றன. பியூனஸ் அயர்ஸ் தெருக்களுக்குப் பாவிய கற்களில் பல அங்கே உடைத்தவைதான். அங்கே ஒரு குன்றின் விளிம்பில் சுமார் 300 டன் எடையுள்ள பாறை ஒன்று, விழுந்துவிடுவது போலச் சாய்ந்து நின்று, மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பார்க்க வந்தவர்கள் அடியில் கண்ணாடிப் புட்டியை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சிறிது நேரத்தில் புட்டி நொறுங்கும். 1912 பிப்ரவரி 29 அன்று அந்தப் பாறை உருண்டு விழுந்து உடைந்தது. 2007-இல் அதே வடிவத்தில் செயற்கையாக ஒன்றைச் செய்து அதே விளிம்பில் பொருத்தினார்கள். பழையதைப் போலவேதான் இருக்கிறது. ஆனால் அடியில் புட்டி வைத்துப் பயனில்லை. அது ஆடாது.