கண்ணில் என்ன பட்டது?

"நாலு நாளா உறுத்துது டாக்டர். கதிரடிக்கையில ஏதோ பட்டுச்சு."

"என்ன பட்டுச்சும்மா? மண்ணா, வைக்கோலா, நெல்லுச் சொணையா?"

"சொணைதான்னு நினைக்கிறேன்."

"அதுக்கு என்ன மருந்து விட்டீங்க?"

அந்த அம்மா சற்றுத் தயங்குகிறார். "பேரனுக்கு மெட்ராஸ் ஐ வந்தப்ப வாங்கின சொட்டு மருந்து மிச்சம் இருந்துச்சு. அதைத்தான் ரெண்டு நாளா விட்டேன். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு..."

தென் தமிழ்நாட்டின் எந்தக் கண் மருத்துவமனையிலும் தை மாதத்தில் காதில் விழக்கூடிய உரையாடல் இது. கேட்பவருக்குச் சாதாரண விசாரிப்பாகத் தோன்றும். ஆனால் கருவிழிப் புண்ணைப் பொறுத்தவரை நோயறிதலின் பாதி வேலை இந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது. என்ன பட்டது, எப்போது பட்டது, அதன் பிறகு கண்ணில் என்ன விட்டீர்கள்? மீதிப் பாதியை ஒரு விளக்கும் ஒரு சாயமும் ஒரு சிறு கண்ணாடித் தகடும் சொல்லிவிடும். இந்த விடைகள் மருத்துவரிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கின்றனவோ, அவ்வளவுக்குப் பார்வை பிழைக்கும்.

அரை மில்லிமீட்டர் கண்ணாடி

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் பொருந்தியிருக்கும் படலம்தான் கார்னியா. பேச்சு வழக்கில் கருவிழி என்கிறோம். உண்மையில் அதற்கு நிறமே கிடையாது. பின்னால் இருக்கும் ஐரிஸ் என்னும் நிறப்படலத்தின் கருமைதான் அதன் வழியே தெரிகிறது. நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒளி தடையின்றிப் புகவேண்டிய இடம் என்பதால் அங்கே ரத்தக்குழாய்கள் இல்லை. அந்தத் தெளிவே ஆபத்து வேளையில் பலவீனமாகிவிடுகிறது. உடம்பில் வேறெங்காவது காயம் பட்டால் ரத்தத்தோடு வெள்ளணுக்கள் உடனே வந்து சேரும். கருவிழிக்கோ அவை ஓரத்திலிருந்தும் கண்ணீரிலிருந்தும்தான் வந்தாக வேண்டும்.

கருவிழிக்கு இருக்கும் முதல் காவல் அதன் மேல்தோல். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அது சேதமில்லாமல் இருக்கும்வரை பூஞ்சையோ பெரும்பாலான பாக்டீரியாக்களோ உள்ளே நுழைய முடியாது. ஒரு நெற்சொணை, கரும்புத் தோகை, கருவேல முள், சுழற்றியடித்த மாட்டு வால், இவற்றில் ஏதேனும் ஒன்று கீறினால் போதும், அந்தக் காவல் உடைந்துவிடும். கீறிய பொருளிலேயே பூஞ்சை வித்துகளும் ஒட்டியிருக்கும். பூட்டை உடைத்த கையே திருடனையும் உள்ளே விட்டுவிட்டுப் போவதுபோல, காயமும் தொற்றும் ஒரே நொடியில் நேர்ந்துவிடுகின்றன. அதனால்தான் பட்டது செடியா, கல்லா, இரும்பா என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார்.

மதுரை சொன்ன கணக்கு

இந்த நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி மதுரையிலிருந்து போனது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், 1990-களில் கருவிழிப் புண்ணைக் கணக்கெடுத்தார்கள். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குப் புதிதாகக் கருவிழிப் புண் வருவதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 10 மடங்கு.

1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தபோது, 284 பேர் அதற்கு முன் கண்ணில் அடிபட்டவர்கள் எனத் தெரிந்தது. சோதனையில் கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 140 பேர், பூஞ்சை மட்டும் இருந்தவர்கள் 139 பேர். ஏறக்குறைய சரிபாதி. பூஞ்சைகளில் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு. மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை அது. அடுத்த இடம் ஆஸ்பர்ஜில்லஸ். தென்னிந்தியாவில் ஜனவரியிலும் ஜூலையிலும் பூஞ்சைப் புண் கூடுவதைப் பின்னாளைய ஆய்வு காட்டியது. ஒன்று தை அறுவடைக் காலம், மற்றொன்று ஆடிக் காற்று தொடங்கும் காலம். உழைக்கிறவர்களின் நாள்காட்டியும் இந்த நோயின் நாள்காட்டியும் ஒன்றுதான்.

விளக்கும் சாயமும்

பரிசோதனை எப்போதும் பார்வை அளவில்தான் தொடங்கும். ஒவ்வொரு கண்ணாக மூடி, எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வார்கள். அடுத்து ஸ்லிட் லேம்ப். சுவீடனைச் சேர்ந்த ஆல்வர் குல்ஸ்ட்ராண்டு 1911-ல் அறிமுகம் செய்த கருவி இது. மெல்லிய கீற்றாக ஒளியைப் பாய்ச்சி, நுண்ணோக்கி வழியே கண்ணை அடுக்கடுக்காகப் பார்க்க உதவுகிறது. புண் மேலோட்டமாக இருக்கிறதா, ஆழத்துக்குப் போய்விட்டதா என்பது அந்தக் கீற்றில் தெரியும்.

பிறகு ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்ப்பார்கள். மேல்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கிளை கிளையாக ஒளிர்ந்தால் ஹெர்பிஸ் வைரஸ் மேல் சந்தேகம் விழும். அந்தக் கண்ணில் சிறு பஞ்சுத் திரியால் தொட்டால் தொடுவுணர்வு குறைந்திருப்பது வழக்கம். பூஞ்சைப் புண்ணின் ஓரம் இறகுபோல் பிசிறடித்திருக்கும். மேற்பரப்பு உலர்ந்து சற்றே மேடாக இருக்கும். பக்கத்தில் சிறு சிறு புள்ளிகளும் தோன்றலாம். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் நோயாளி அந்த அளவுக்கு வலி சொல்லமாட்டார். தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாக்டீரியா பெரும்பாலும் நேர்மாறானது. ஓரிரு நாளிலேயே கடும் வலி, பீளை, வீக்கம் என்று ஆர்ப்பாட்டம் செய்யும். புண்ணுக்குப் பொருந்தாத அளவுக்குப் பொறுக்க முடியாத வலி இருந்து, நோயாளி கான்டாக்ட் லென்ஸ் போடுபவராகவும் இருந்தால், குழாய்த் தண்ணீரில் வாழும் அகந்தமீபாவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு அடையாளங்கள் இருக்கும்போது, கைதேர்ந்த மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிடலாமே என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவிழிச் சிறப்பு மருத்துவர்களிடம் புண்களின் படங்களை மட்டும் காட்டி, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது 66 விழுக்காடுதான். மூன்றில் ஒன்று தவறு. வாழ்நாளெல்லாம் கருவிழியையே பார்த்தவர்களின் நிலை இது. அப்படியிருக்க, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்து மருந்து சொல்லும் அக்கம்பக்கத்தாரை எப்படி நம்புவது?

கண்ணாடித் தகட்டில் தெரியும் உண்மை

அதனால்தான் புண்ணைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். கேட்கவே கூசினாலும் செய்முறை எளிமையானது. கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, புண்ணின் ஓரத்திலும் அடியிலும் மெல்லிய தகடால் கொஞ்சம் வழித்தெடுப்பார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். அந்தக் காரம் மனித உயிரணுக்களைக் கரைத்துவிடும். பூஞ்சையின் உறுதியான சுவரை அதனால் சட்டென்று கரைக்க முடியாது. நுண்ணோக்கியில் கிளைவிட்ட நூலிழைகள் தெரிந்தால் பூஞ்சை உறுதி. இதற்குச் சில நிமிடங்கள் போதும். செலவும் மிகக் குறைவு. மீதி மாதிரியை வளர்ப்பூடகத்தில் இட்டு, எந்த இனம் என்பதை அடுத்து வரும் நாட்களில் கண்டறிவார்கள்.

பூஞ்சை என்று தெரிந்துவிட்டால் நேட்டமைசின் சொட்டு மருந்து. முதல் நாட்களில் மணிக்கொரு தடவை, பிறகு குறைத்துக்கொண்டே வாரக்கணக்கில் விட வேண்டும். புதிய மருந்தான வோரிகோனசோல் இதைவிடச் சிறந்ததாக இருக்குமோ என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும்தான் பதில் கிடைத்தது. மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டின் முடிவுகள் 2013-ல் வெளிவந்தன. பழைய நேட்டமைசினே மேலானது, குறிப்பாக ஃபியூசேரியத் தொற்றில், என்று அவை காட்டின. 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நேட்டமைசின் இடம்பெற்றது.

முதல் நாளில் நல்லாத்தான் இருந்தது

இப்போது அந்த அம்மா சொன்ன கடைசி வாக்கியத்துக்கு வருவோம். "முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு." மெட்ராஸ் ஐ முதல் ஒவ்வாமை வரை பலவற்றுக்கும் கடைகளில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், வலியைத் தணிக்கும், வீக்கத்தை வடியச் செய்யும். ஆனால் சிவப்பும் வீக்கமும் உடம்பு கிருமியோடு போராடுவதன் அடையாளங்கள். அந்தப் போராட்டத்தை மருந்து அடக்கிவிட, பூஞ்சை தடையின்றி ஆழத்துக்கு இறங்குகிறது. நோயாளி குணமாகிவிட்டதாக நம்பியிருக்கும் அந்த இரண்டு நாட்களில்தான் கருவிழி கரைகிறது.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு விடுவதும், நாக்கால் தூசி எடுப்பதும் அன்பினால் செய்யப்படுபவைதான். ஆயினும் உடைந்த காவலின் வழியே புதிய கிருமிகளை அவை உள்ளே அனுப்பக்கூடும். நாக்கால் தூசி எடுத்தவர் வாயிலுள்ள பாக்டீரியா புண்ணில் குடியேறிவிடும்.

நேபாளத்தின் பக்தபூரில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு முயற்சி, சீக்கிரம் போவதன் பலனைத் துல்லியமாகக் காட்டியது. கிராமத்திலேயே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், கருவிழியில் கீறல் பட்டவர்களைச் சாயமிட்டுக் கண்டறிந்து, மூன்று நாட்களுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு போட்டார்கள். காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு வந்தது. ஒரு நாள் கடந்து, இரண்டாம் நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. அதே ஊர், அதே களிம்பு. கடந்துபோன மணிகள்தான் வேறு.

தாமதமானால் புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். ஊரில் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பார்கள். அதற்கு மாற்றுக் கருவிழி பொருத்தலாம்தான். இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945-ல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா நிறுவினார். ஆனாலும் தானமாக வரும் கருவிழிகள் தேவைக்குப் போதவில்லை. கிருமி தின்றுகொண்டிருக்கும் கண்ணில் பொருத்திய கருவிழி தெளிவாக நிலைப்பதும் கடினம்.

சுண்ணாம்போ அமிலமோ பட்டால் மட்டும் முறை மாறும். அங்கே கேள்விக்கும் பரிசோதனைக்கும் முன்னால் தண்ணீர். வெற்றிலைச் சுண்ணாம்பு, சிமென்ட் போன்ற காரப் பொருட்கள் நொடிக்கு நொடி உள்ளே இறங்குபவை. அந்த இடத்திலேயே இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரும்புத் துண்டோ கம்பியோ குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்; அப்படியே கூட்டிச் செல்லுங்கள்.

மற்றபடி, களத்திலோ தோட்டத்திலோ கண்ணில் ஏதாவது பட்டால் செய்ய வேண்டியவை மூன்று. கசக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை விடாதீர்கள். மறுநாள் பார்க்கலாம் என்று படுத்துவிடாமல் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே எதையாவது விட்டிருந்தால் கூச்சப்படாமல் அந்தச் சீசாவையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் கேட்கப்போகும் மூன்றாவது கேள்விக்கு அதைவிடச் சரியான விடை வேறில்லை.