உங்களுக்குத் தெரியுமா? தக்கிலே தீவில் பின்னல் ஆண்களின் வேலை!

பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தக்கிலே தீவுக்குப் போகும் பயணி, நடந்துகொண்டே கம்பளித் தொப்பி பின்னும் ஆண்களைப் பார்க்கலாம்!

கெச்சுவா மொழி பேசும் இம்மக்களில் தரைத்தறி நெசவு பெண்களின் கைவண்ணம். அகலமான இடுப்புப் பட்டையில் விதைப்பு, அறுவடை, திருவிழா என ஓராண்டின் நடப்பையே உருவங்களாக நெய்துவிடுகிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ இக்கலையைச் சிறப்பித்தது.

1970-களில் சுற்றுலா தொடங்கியதும், தீவினர் சொந்தமாகப் படகு ஓட்டினார்கள். விருந்தினரை முறைவைத்துத் தங்கள் வீடுகளில் தங்கவைத்தார்கள். துணிகளை ஊர்ப் பொதுக்கடையில் விற்றார்கள்.

பின்னர் ஏரிக்கரையிலுள்ள புனோ நகர நிறுவனங்களின் வேகப் படகுகள் போட்டிக்கு வந்தன. படகு வருமானத்தில் பெரும்பங்கு தீவைவிட்டுப் போய்விட்டது.