பாழடைந்த நீச்சற்றடாகத்தைக் குளமாக்குதல்

கைவிடப்பட்ட மாளிகைகளையும் விருந்தினர் விடுதிகளையும் சூழ்ந்த காணிகள் விலைக்கோ குத்தகைக்கோ கமக்காரர் கைக்கு வருவதுண்டு. அவற்றுட் சிலவற்றிலே பழைய நீச்சற்றடாகம் ஒன்று காணப்படும். நீரிறைக்கும் இயந்திரம் பழுதடைந்திருக்கும்; அடியிலே சருகும் சேறும் தேங்கிக் கிடக்கும். அதனை உடைத்து அகற்றுதல் பெருஞ் செலவாகும். மண்ணிட்டு மூடுதலும் எளிதன்று. அப்படியே விட்டுவைத்தலோ ஆபத்தானது. ஆயினும், சிறு செலவுடன் அதனை அல்லியும் மீனும் தவளையும் வாழும் குளமாக மாற்றிக்கொள்ளலாம். கிணற்றடியிற் பயனின்றிக் கிடக்கும் பெரிய சீமெந்துத் தொட்டிக்கும் இம்முறை பொருந்தும்.

விட்டுவைத்தலால் வரும் கேடு

நீர் நிறைந்த தடாகத்திலும் பார்க்க, அடியில் இரண்டு மூன்று அங்குல மழைநீர் மாத்திரம் தேங்கிய தடாகமே அதிக தீங்கு பயப்பதாகும். அந்நீரில் மீனும் இல்லை. தும்பியின் குடம்பியும் இல்லை. நுளம்பின் முட்டையானது ஏழு முதற் பத்து நாட்களுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் நீர் வற்றிய பின்னரும் பல மாதங்கள் உயிருடன் இருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவாயினர். மலேரியா ஒழிந்த நாடாக இலங்கை 2016இல் உலக சுகாதார நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. எனினும், கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் பெருகக்கூடிய ‘அனோபிலிஸ் ஸ்ரெபென்சி’ எனும் மலேரியா நுளம்பு மன்னாரிற் காணப்பட்டமை 2017இல் அறிவிக்கப்பட்டது. தம் காணியில் நுளம்பு பெருகாது காத்தல் உடைமையாளரின் கடமை என்பதை 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டமும் வலியுறுத்துகின்றது.

கிராமத்துக் குளம் கற்பிக்கும் பாடம்

வன்னிக் கமக்காரர் குளத்தின் உறுப்புகளை நன்கறிவர். அணைக்கட்டு நீரைத் தாங்கும். துருசு வயலுக்கு நீரை விடும். வான் மிகை நீரை வெளியேற்றும். அலைகரையோ நீர் மெல்லப் பரந்து ஆழங் குறைந்து முடியும் இடமாகும். கோரையும் புல்லும் வளர்வது அங்கேதான். மீன்குஞ்சு ஒளிவதும், தவளை முட்டையிடுவதும், பறவை இறங்கி நீர் அருந்துவதும் அங்கேதான்.

நீச்சற்றடாகத்துக்கு நான்கு பக்கமும் செங்குத்தான சுவர்களே உண்டு. அலைகரை இல்லை. அதனுள் விழுந்த ஓணானும் தேரையும் ஏற வழியின்றி மாளும். ஆகவே, தடாகத்துக்கு அலைகரையும் வானும் அமைத்துக் கொடுத்தலே இவ்வேலையின் சாரமாகும்.

காலமும் ஆயத்தமும்

வரண்ட வலயத்தில் ஆவணி, புரட்டாதி மாதங்கள் இவ்வேலைக்கு உகந்தவை. பெரும்போக மழை வருமுன் வேலை முடிந்துவிடின், மழைநீரே குளத்தை நிரப்பும். மழைக் காலத்தில், நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது, தடாகத்தை முற்றாக இறைத்தல் ஆகாது. வெளிநீரின் அழுத்தத்தால் வெறுந் தடாகம் மேலெழுந்து வெடிக்கக்கூடும்.

நீரை இறைத்தபின் சருகையும் சேற்றையும் அகற்றுக. சுவர்களைத் தும்புத் தூரிகையால் நன்றாகத் தேய்த்தல் வேண்டும். ஒட்டியிருக்கும் நுளம்பு முட்டைகள் அதனால் அழியும். உரியும் பழைய வர்ணப் பூச்சைச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்துக. பாசியை அழிப்பதற்கு முன்னர் செப்புச் சல்பேற்று இடப்பட்டிருக்கலாம். அது மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சாதலால், இரண்டு மூன்று முறை கழுவி நீரை வெளியேற்றுதல் அவசியம். அந்நீரை வயலுக்கோ வாய்க்காலுக்கோ விடலாகாது.

வெடிப்புகளைச் சீமெந்து கொண்டு அடைக்கலாம். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து மீனைக் கொல்லும். ஆதலால் ஒரு வாரம் நீர் நிரப்பி வைத்து வெளியேற்றுக. இவ்வாறு மூன்று முறையேனும் செய்த பின்னரே உயிர்களை விடுதல் நன்று.

அலைகரை அமைத்தல்

தடாகத்தின் ஆழங் குறைந்த பக்கத்தில் உடைந்த செங்கல், கருங்கல் ஆகியவற்றைச் சரிவாக அடுக்குக. அவற்றின்மேற் கழுவிய மணலும் சரளையும் பரப்புக. சரிவின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு வெளியே கரையுடன் சேர்ந்திருத்தல் வேண்டும். அதற்கடுத்து அரை அடி ஆழத்தில் ஒரு படியும், ஒன்றரை அடி ஆழத்தில் மற்றொரு படியும் அமைக்கப்படின், பலவகைச் செடிகளுக்கும் இடமுண்டாகும். மறுபக்கம் மூன்று, நான்கு அடி ஆழத்துடன் இருக்கட்டும். கோடையில் மீன்கள் அங்கே குளிர்ச்சி பெறும்.

எருவிட்ட தோட்ட மண்ணை உள்ளே இடலாகாது. அதிலுள்ள நைதரசனும் பொசுபரசும் பாசிக்கே உணவாகும். விளிம்பில் ஓரிடத்தைச் சற்றுத் தாழ்த்தி வான் அமைத்து, மிகைநீர் வாழைக்கோ தென்னைக்கோ செல்லுமாறு செய்தல் நன்று.

செடிகளும் மீன்களும்

ஆழமான பகுதிக்கு அல்லியும் தாமரையும், ஓரத்துக்குக் கோரையும் வசம்பும், ஈரக் கரைக்கு வல்லாரையும் ஏற்றவை. அல்லியையும் தாமரையையும் களிமண் நிரப்பிய கூடைகளில் நட்டு, மேலே சரளை பரப்பி இறக்குக. நீர்ப்பரப்பின் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை இலைகளால் மூடப்படின் போதுமானது.

ஆற்றுவாழை, ஆகாயத்தாமரை எனக் கூறப்படும் செடியையும் சல்வீனியாவையும் ஒருபோதும் இடலாகாது. ஆற்றுவாழையைத் தடுப்பதற்கென 1909இலேயே சட்டம் இயற்றப்பட்டது. வெளியிலிருந்து கொணரும் ஒவ்வொரு செடியையும் நன்கு கழுவி, அவற்றின் சிறு துண்டும் ஒட்டியிராமை நோக்குக.

செடிகள் வேரூன்றி மூன்று, நான்கு வாரங்கள் சென்றபின், அயற் குளங்களில் வாழும் சிறு மீன்கள் சிலவற்றை விடலாம். அவை நுளம்புக் குடம்பிகளை உண்டு வாழும். தீன் இடுதல் வேண்டியதில்லை. இந்நாட்டுக்கு 1952இற் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இச்சிறு குளத்துக்கு ஏற்றதன்று. கப்பி மீன் விடுவோர், வான் வழியாக அது ஆற்றையோ குளத்தையோ சேராதபடி வலையிடுதல் கடமையாகும். குழாய் நீரைப் பயன்படுத்தின், குளோரீன் நீங்குமாறு சில நாட்கள் வெயிலில் விட்டுவைக்க.

நீர் பச்சையாகும் காலம்

முதற் சில வாரங்களில் நீர் பச்சை நிறமடையும். இதனைக் கண்டு பலர் மனந் தளர்ந்து நீரை இறைத்துவிடுவர். அது தவறாகும். புதுநீர் புதிய போசணையைக் கொணர, பாசி மீண்டும் தோன்றும். செடிகள் வளர்ந்து போசணையை உறிஞ்சி நிழல் பரப்பும்போது நீர் தெளியும். பொறுமையே இதற்கு மருந்து. நூற்பாசியைத் தடியாற் சுற்றி எடுத்துக் கூட்டெருக் குவியலில் இடலாம்.

தோட்டத்துக்குப் பயன்

24 அடி நீளமும் 12 அடி அகலமும் சராசரி 3 அடி ஆழமும் உள்ள குளம் ஏறக்குறைய 24,000 இலீற்றர் நீர் கொள்ளும். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாயின், அதில் 130 இலீற்றருக்கு மேல் இழக்கப்படும். 500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்யின் 1,100 இலீற்றருக்கு மேற்பட்ட நீர் கிடைக்கும். ஆதலால், கூரைநீரைப் பீலி வழியே குளத்துக்குத் திருப்புதல் சிறந்தது.

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுமேடைகளுக்கு இந்நீர் உதவும். எனினும் இரண்டடி நீரேனும் குளத்தில் எஞ்சியிருத்தல் வேண்டும். பச்சையாக உண்ணும் கீரை வகைகளின்மீது இந்நீரைத் தெளித்தலும், இதனைக் குடித்தலும் ஆகா. தெளிகருவியைக் குளத்திற் கழுவுதல் பெருந் தவறு. பூச்சிநாசினி சிறிதளவு கலந்தாலும் மீனும் தும்பிக் குடம்பியும் மடியும். பின்னர் நுளம்பே எஞ்சும். யூரியா இட்ட நிலத்தின் வழிந்தோடும் நீரும் குளத்துட் புகலாகாது. தும்பியும் தவளையும் பயிரிலுள்ள பூச்சிகளை உண்பனவாதலால், அவற்றைக் காத்தல் கமக்காரருக்கே நன்மையாகும்.

மறவாமல் நோக்க வேண்டியது

சிறு குழந்தைக்கு ஓரடி நீரும் போதிய ஆபத்தாகும். குளத்தைச் சுற்றி நான்கடிக்குக் குறையாத வேலியும், தானாக மூடும் படலையும் அமைத்தபின்னரே நீர் நிரப்புதல் வேண்டும். வாரம் ஒருமுறை வெண்ணிறக் கிண்ணத்தில் ஓரநீரை முகந்து, நெளியும் குடம்பிகள் உளவோ எனப் பார்க்க. காணப்படின், பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுக.

இவ்வாறு பேணப்படின், நோய்க்கு இடமாகிக் கிடந்த சீமெந்துக் குழி, சிறுபோக நாற்றுக்கு நீரளிக்கும் குளமாக மாறும். அதன் அலைகரையிற் கேட்கும் தவளையின் குரல், வேலை செம்மையாய் முடிந்தமைக்கு நல்ல சாட்சியாகும்.